தெற்குக் கோல் வாயில் கருகிய புல்

எங்கள் ஊர் விளையாட்டரங்கில் புல்லைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் புல் விரிக்கப் போகிறார்கள். சுருள் சுருளாக லாரியில் வந்து இறங்கிவிட்டது. போய்த் தொட்டுப் பார்த்தேன். வாசலில் கால் துடைக்கப் போடும் மிதியடி மாதிரிதான் இருக்கிறது. இனிமேல் வெட்ட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம், மருந்தடிக்க வேண்டாம் என்று குத்தகைக்காரர் சொன்னாராம். எதுவுமே செய்ய வேண்டாம் என்று ஒரு மனிதர் சொன்னால் அவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். என் புத்தி அப்படி.

அன்று எதிர்ச் சாப்பாட்டுக்கடையில் தே தாரே என்கிற நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இப்போது அரங்கத்தில் வேலை பார்க்கும் பையன்கள் இருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அண்ணே, உங்க காலத்துல தெற்குக் கோல்ல புல்லு செத்துப்போன கேஸ் என்னாண்ணே? ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க."

"என்னா சொல்றாங்க?"

ஒருவன் மற்றவனைப் பார்த்தான். "கோவிச்சுக்காதீங்க. நீங்கதான் மருந்து அடிச்சீங்கன்னு ஒருத்தன் சொல்றான்லா."

இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பேச்சு சாகவில்லை. புல்லையே எடுத்த பிறகு தோண்டிக் காட்டக்கூட எதுவும் இருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. ஜொகூரில் இருக்கும் ஊர், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

என் பெயர் மாரியப்பன். பாலோ பக்கத்துத் தோட்டத்தில் மருந்துப் பம்பை முதுகில் சுமந்து லாலான் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தவன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது என் வயதுப் பிள்ளைகள் பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நான் அரங்கத்தில் புல் பராமரிக்கும் ஆளாகச் சேர்ந்தேன். ஆயுள் பாதி புல்லைக் கொன்றேன், மீதி புல்லை வளர்த்தேன் என்று என் மனைவி கிண்டல் செய்வாள். வேலையோடு அரங்கத்துக்குப் பின்னாலேயே குடியிருக்க ஒரு வீடும் கிடைத்தது. என் இரண்டு பெண்களும் அங்கிருந்துதான் பள்ளிக்கூடம் போனார்கள்.

விளையாட்டரங்கம் என்று பெயர்தானே தவிர, அங்கே நடக்காதது எது? காற்பந்து, பள்ளி ஓட்டப்பந்தயம், சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகை, பொங்கல் விழா, சிங்க நடனப் போட்டி, தேர்தல் கூட்டம், பாட்டுக் கச்சேரி. வெள்ளம் வந்தால் உள்ளரங்கில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். கொவிட் காலத்தில் அதே இடத்தில் நாற்காலி போட்டு ஊசி போட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் எதையாவது விட்டுவிட்டுத்தான் போவார்கள். அணிவகுப்புக்காரர்கள் பூட்ஸ் தடத்தை, பொங்கல்காரர்கள் கரும்புச் சக்கையை, கச்சேரிக்கு வந்தவர்கள் கொண்டை ஊசியை. கொண்டை ஊசி புல்வெட்டி இயந்திரத்தின் கத்தியைக் கடித்துத் துப்பிவிடும். எந்தக் கூட்டம் வந்தாலும் 'இவர்கள் எதை விட்டுவிட்டுப் போவார்கள்?' என்றுதான் நான் வாசலில் நின்று பார்ப்பேன்.

எங்கள் மேலாளர் திரு. நடராஜா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலாயாவில் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெயிலிலும் குடை. புல்லில் உட்காரமாட்டார், புல்லில் எச்சில் துப்பியவனை மன்னிக்கமாட்டார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஏதாவது புகார் என்று போய் நின்றால் ஒரே ஒரு வாக்கியம்தான் வரும்.

"கண்டதைச் சொல்லும். நினைச்சதைச் சொல்ல வேண்டாம்."

எனக்கு நினைப்பதுதான் அதிகம். அதனால் அவர் அறையில் என் பேச்சு பாதியிலேயே நின்றுவிடும்.

என்னோடு புல் வெட்டிய கூட்டாளி ஒஸ்மான். சாஆ என்கிற ஊர்ப் பக்கத்தில் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்த மலாய்க்காரன். என்னைப் போலவே தமிழ் பேசுவான், கோபம் வந்தால் மட்டும் மலாய்க்குப் போய்விடுவான். காலையில் அவன் தேநீர் வாங்கி வருவான், என் வீட்டு இட்லியை இரண்டு பேரும் தின்போம்.

காற்பந்து ஆட்ட நாள் காலையில் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது இருக்காது. கோல் வாய் பார்ப்பது என்போம். நம் நாட்டில் ஆட்டம் என்றால் போமோ என்ற மந்திரக்காரரும் எங்கேயாவது ஓர் ஓரத்தில் இருப்பார். எதிரணிக் கோல்காப்பாளரின் கை கட்டிப்போக வேண்டும் என்று கோல் வாயில் எதையாவது புதைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊசி குத்திய எலுமிச்சை, எழுத்து கீறிய செப்புத் தகடு, மஞ்சள் துணியில் கட்டிய முட்டை. அதை எதிரணி கண்டுபிடித்தால் ஆடமாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார்கள், அல்லது அடிதடி ஆகும். அதனால் நாங்கள் முந்திக்கொள்வோம்.

அதற்கு நடராஜா ஐயா வகுத்த முறை உண்டு. ஒரு ஆள் தனியாகப் பார்க்கக்கூடாது. ஒருவன் மெல்லிய இரும்புக் கம்பியை மண்ணில் குத்திக்கொண்டே போக வேண்டும், மற்றவன் வாளியோடு பக்கத்தில் நடக்க வேண்டும். கம்பி எதிலாவது முட்டினால் குத்தினவன் தொடாமல் நிற்க, வாளிக்காரன்தான் தோண்ட வேண்டும். கிடைத்ததை இரண்டு பேரும் பார்த்த பிறகு வாளியில் போட்டு மூடி அவர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் குடை முனையால் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சரி" என்பார். அதோடு முடிந்தது. யார் புதைத்தார்கள் என்று எங்களுக்குள்கூடப் பேசக்கூடாது. நான் மனதுக்குள் பேசிக்கொள்வேன்.

அந்த வருடம் மாநில அளவில் பெரிய ஆட்டம் ஒன்று எங்கள் திடலுக்கு வந்தது. பெரிய ஊர்களை விட்டுவிட்டு எங்களுக்கு ஏன் கொடுத்தார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம். அதற்குச் சில வாரங்களுக்கு முன் திடலில் ஒரு பெரிய கொண்டாட்டம் நடந்தது. முக்கியப் பிரமுகர்கள் வந்தார்கள். தெற்குக் கோல் கம்பங்களைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில்தான் மேடை போட்டார்கள். மழை மாதம் என்றாலும் அன்று ஒரு துளி விழவில்லை. மேடையைப் பிரித்த மறுநாளிலிருந்து பிடித்தது பாருங்கள், வானம் பொத்துக்கொண்டது மாதிரி.

மேடைக்குக் கீழே இருந்த புல் மஞ்சளாகத்தான் இருந்தது. வெயில் படாத புல் அப்படித்தான் இருக்கும், நாங்கள் கவலைப்படவில்லை. மழையில் மற்ற இடமெல்லாம் பச்சை பிடித்தது. கோல் வாயில் மட்டும் மஞ்சள் பழுப்பாகி, பழுப்பு கருகி, நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போனது. கையால் இழுத்தால் வேரோடு வந்தது.

போமோ வேலை என்று கேண்டீனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நானும் ஒஸ்மானும் கம்பியும் வாளியும் எடுத்துக்கொண்டு போனோம். ஒரு சாண் விடாமல் குத்தினோம். கம்பி எங்கேயும் முட்டவில்லை, வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. எலுமிச்சை இல்லை, தகடு இல்லை, ஒன்றும் இல்லை. நிம்மதியாக வந்து ஐயாவிடம் சொன்னேன். அந்த நிம்மதியே எனக்கு வினையாக வரும் என்று அப்போது தெரியவில்லை.

எதுவும் புதைக்கவில்லை என்றால் புல் ஏன் சாகிறது? களைக்கொல்லி அடித்தால் சாகும். அரங்கத்தில் களைக்கொல்லிப் பம்பு யாரிடம் இருக்கிறது? கால்வாய் ஓரத்துக் களைக்கு மருந்தடிக்கிற மாரியப்பனிடம். தோட்டத்தில் அவன் என்ன வேலை செய்தான்? அதே வேலை. இரண்டே நாளில் கதை முழுசாகிவிட்டது. எதிரணிக்காரர்கள் காசு கொடுத்து என்னைக் கவனித்துவிட்டார்கள் என்று வாலும் சேர்த்துக்கொண்டார்கள்.

நடராஜா ஐயா என்னைக் கூப்பிட்டார். மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மருந்துக் கொட்டகைச் சாவியைத் தாரும்."

"ஐயா, நான் அப்படிச் செய்வேனா?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. விசாரணை வருகுது. சாவி என்னட்ட இருக்கட்டும்."

இடுப்பில் இருந்து சாவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. குற்றம் உறுதியானால் வேலை போகும், வீட்டைக் காலி செய்ய வேண்டும், போலீசுக்கும் போவோம் என்று விசாரிக்க வரும் அதிகாரி சொல்லிவிட்டாராம். மூத்தவளுக்கு அந்த வருடம்தான் பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சை.

விசாரணைக்காகக் காத்திருந்த அந்த வாரத்தில் நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. கேண்டீன்காரர் எனக்கு மட்டும் பேசாமல் தேநீர் வைப்பதாகத் தோன்றியது. வாசல் காவலாளி இரண்டு தடவை வணக்கம் சொன்னால் ஏன் இரண்டு தடவை என்று யோசித்தேன். மேலாளருக்கே ஏதாவது பங்கு இருக்குமோ என்றுகூட நினைத்தேன். ஆனால் என் சந்தேகம் சுற்றிச் சுற்றி வந்து நின்றது ஒஸ்மானிடம்தான். கொட்டகை எங்கே, சாவி எங்கே என்று தெரிந்தவன் அவன் ஒருவன். சாவியைப் பிடுங்கின நாளிலிருந்து அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இட்லியைக் கொடுத்தால், "வயிறு சரியில்லை மாரி" என்றான். ஐயாவின் அறையிலிருந்து அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வருவதையும் ஒருநாள் பார்த்தேன்.

என் மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்க செய்யல. அப்புறம் எதுக்குப் பயப்படுறீங்க?"

"செய்யாதவன்தான் மாட்டிக்குவான். அந்த ஒஸ்மான் ஏதோ செஞ்சிருக்கான்."

"உங்களைப் பத்தி ஊரே இப்படித்தான் பேசுது, நீங்க அவனைப் பத்திப் பேசுறீங்க. ரெண்டுக்கும் என்னாங்க வித்தியாசம்?"

எனக்குக் கோபம்தான் வந்தது.

விசாரணை உள்ளரங்கத்துச் சின்ன அறையில் நடந்தது. வந்திருந்த அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, நெற்றியைச் சுருக்கியபடியே இருந்தார். எல்லாம் மலாயில் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன். முதலில் என்னைக் கேட்டார். கோல் வாய்ப் பக்கம் மருந்து அடித்தாயா? இல்லை. யார் சாட்சி? யாரும் இல்லை, நான் தனியாகத்தான் அடிப்பேன். அவர் பேனாவை மூடினார். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு ஒஸ்மானைக் கேட்டார். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாரி மருந்து அடிக்கிறது கால்வாய் ஓரத்துல மட்டும்தான்" என்றான். "ஓடுபாதையைத் தாண்டி உள்ள பம்போட வந்ததே கிடையாது. காத்து அடிச்சா அன்னிக்கு அடிக்கமாட்டான். முடிஞ்சதும் பம்பைக் கொட்டகைக்குப் பின்னால கொண்டுபோய்க் கழுவுவான். ஒரு தடவை இல்லை, தண்ணி தெளியிற வரைக்கும் திரும்பத் திரும்பக் கழுவுவான். அந்தத் தண்ணியைக்கூடப் புல்லுப் பக்கம் விடமாட்டான். மேடையைப் பிரிச்ச பிறகு மழை விடவே இல்லை, பம்பைக் கொட்டகையை விட்டு வெளியவே எடுக்கல."

அதிகாரி அவனை உற்றுப் பார்த்தார். "ஒரே இடத்தில் வேலை பார்க்கும் ஆளுக்கு இவ்வளவு தெரியாதே. கூடவே நின்றாயா?"

"இல்லை. தள்ளி நின்னு பார்த்தேன்."

"ஏன் பார்த்தாய்?"

ஒஸ்மான் நடராஜா ஐயாவைப் பார்த்தான். ஐயா குடையை நாற்காலியில் சாய்த்துவிட்டு எழுந்தார்.

"நான்தான் பார்க்கச் சொன்னேன். மாரியப்பன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து."

முதல் நாளிலிருந்து! எத்தனை வருடத்துத் தேநீர், எத்தனை வருடத்து இட்லி! அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு எழுந்துபோய் மரத்துக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்திருக்கிறான். காப்பாற்றிவிட்டான் என்று அந்த அறையில் எல்லாருக்கும் புரிந்தது. எனக்கு மட்டும் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

அதிகாரி விடவில்லை. "அந்தக் கோல் வாயில் வேறு யாரையாவது பார்த்தாயா?"

"பார்த்தேன். கொண்டாட்டத்துக்கு முந்தின நாள் ஒரு பெரியவர் மேடைக்கு அடியில புகுந்தார். கையில பெரிய துணிப்பை, கனமா இருந்துச்சு. வெளிய வரும்போது வெறுங்கையா வந்தார்."

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

ஒஸ்மான் உண்மையாகவே விழித்தான். "அன்னிக்கு மேட்ச் இல்லையே. மேட்சுக்குத்தானே கோல் வாய் பார்க்கணும்? மாரியை மட்டும்தானே பார்க்கச் சொன்னாங்க?"

நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் இருந்தேன். கோலில் புதைப்பவர்கள் பந்தாட்டக்காரர்கள் என்று எங்கள் மண்டையில் ஏறிவிட்டது. எல்லா விழாவும் நடக்கிற அரங்கத்தில் மற்ற விழாக்காரர்களுக்கும் ஒரு பயம் இருக்கும், அவர்களும் எதையாவது புதைப்பார்கள் என்று, சந்தேகமே தொழிலாக வைத்திருந்த எனக்கே தோன்றவில்லை.

எல்லாரும் எழுந்து திடலுக்குப் போனோம். தூறிக்கொண்டிருந்தது. மண்வெட்டியை நான் எடுத்தேன், ஐயா கையைக் காட்டினார். நான் குத்தக்கூடாது, தோண்டக்கூடாது என்று அர்த்தம். ஒஸ்மான் தோண்டினான். கருகலின் நடுவில் ஒரு முழத்துக்குக் கீழே சின்னத் துணிப்பை ஒன்று வந்தது. கழுத்தில் சிவப்புக் கயிறு, உள்ளே ஒன்றும் இல்லை. ஈரத் துணி என்பதால்தான் கம்பி முட்டாமல் குத்திக்கொண்டு போயிருக்கிறது. அதைச் சுற்றி இன்னும் நான்கைந்து பைகள் இருந்தன, எல்லாம் காலி.

நடராஜா ஐயா அந்த வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் முழங்காலிட்டார். பையின் உள்பக்கத்தில் விரலை வைத்து நாக்கில் தொட்டார்.

"உப்பு" என்றார்.

அந்தப் பெரியவர் மழை வராமல் கட்டுகிற மந்திரக்காரர், அவர் புதைத்த கல் உப்பு அது. பிரமுகர்கள் வரும் நாளில் மழை வரக்கூடாது என்று விழாக்காரர்கள் ஆள் பிடித்திருக்கிறார்கள். அன்றைக்கு மழை வரவில்லை. அப்புறம் வந்த மழையில் உப்பெல்லாம் கரைந்து வேரில் இறங்கிவிட்டது. அதிகாரி பையையும் பார்த்து, வானத்தையும் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார். விழாக்காரர்களை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. கேட்டிருக்கமாட்டார்கள். மேல்மண்ணைச் சுரண்டி, தண்ணீர் விட்டு விட்டுக் கழுவி, பயிற்சித் திடலிலிருந்து புல்லைப் பெயர்த்து வந்து ஒட்டுப் போட்டோம். ஆட்டம் நடந்தது, எங்கள் ஊர் தோற்றது.

சாவியைத் திருப்பி வாங்கப் போனபோது ஐயாவிடம் கேட்டே விட்டேன்.

"என்னை நம்பலையா ஐயா?"

"நம்பினனான். ஆனால் விசாரணையில என்ர நம்பிக்கையை ஆர் கேப்பினம்? கண்ட ஆள் வேணும். விசம் வச்சிருக்கிற ஆளுக்குக் கட்டாயம் வேணும்."

"அப்ப ஒஸ்மானை யார் பார்த்தா?"

அவர் சாவியை என் பக்கம் தள்ளினார். முதல் தடவையாக அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "உம்மட குணத்துக்கு நான் சொல்லவும் வேணுமே?"

அது உண்மைதான். ஒஸ்மான் எந்தப் பக்கம் நின்று சிகரெட் குடிப்பான், எந்தக் கத்தியைத் தீட்டாமல் விடுவான் என்று கேட்டால் நானும் மணிக்கணக்கில் சொல்லியிருப்பேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. பல நாள் அவனோடு பேசவில்லை. அவன் தேநீர் வாங்கி வைப்பான், நான் தொடாமல் ஆறவிடுவேன். ஒருநாள் அவனே ஆரம்பித்தான்.

"அலமாக், எத்தனை நாளைக்குடா மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்ப?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, ஒஸ்மான்?"

"சொல்லியிருந்தா, நான் பார்க்கிறேன்னு நீ ஒழுங்கா கழுவியிருப்ப. அதை எப்படி நான் அந்தம்மாகிட்ட சத்தியமாச் சொல்றது? சொல்லாமலே நீ ஒழுங்கா கழுவினியே, அதைத்தானே சொன்னேன்."

நான் ஆறிப்போன அந்தத் தேநீரை எடுத்துக் குடித்தேன். கண் கலங்கியது. அவன் பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டேன். அவன் பார்த்திருப்பான்.

நடராஜா ஐயா ஓய்வு பெற்று, பிறகு காலமும் ஆகிவிட்டார். சவ ஊர்வலத்தில் நானும் ஒஸ்மானும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். எங்களுக்கும் ஓய்வு வந்துவிட்டது. எனக்குச் சர்க்கரை, இனிப்பு ஆகாது. போன தீபாவளிக்கு ஒஸ்மான் குடும்பத்தோடு வந்திருந்தான். என் மனைவி சமையலறைக்குப் போன சமயம் பார்த்துத் தட்டிலிருந்து ஓர் அதிரசத்தை எடுத்து வாயில் போட்டேன். நிமிர்ந்தால், கூடத்தின் அந்தக் கோடியில், தூணை ஒட்டி நின்றுகொண்டு ஒஸ்மான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, இன்னுமா பார்க்கிற?" என்றேன்.

"பாஸ் நிறுத்தச் சொல்லலையே, மாரி" என்றான்.